கீழே தள்ளப்பட்டவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள்!

மலை ஊர் ஐசாலின் அதிசய வெற்றி

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன். பரீட்சையில் தோற்றுப் போனான். "கீழ் வகுப்புக்குப் போ" என்று சொல்லிவிட்டார்கள். அவனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

பிறகு, மேல் வகுப்புப் பையன்களில் சிலர் பள்ளிக்கூடத்தை விட்டே போய்விட்டார்கள். பெஞ்சு காலியாகக் கிடந்தது. "சரி, நீயே திரும்பி வந்து உட்கார்" என்று அவனைக் கூப்பிட்டார்கள்.

அந்த வருஷமே அவன் வகுப்பில் முதல் மார்க்கு வாங்கினான்!

"இதெல்லாம் கதையில்தான் நடக்கும்" என்று நினைப்பீர்கள். இல்லை. இந்தியாவிலேயே நடந்தது. 2017-ம் ஆண்டில் நடந்தது. ஆனால், அது பையன் அல்ல. ஒரு கால்பந்து அணி. அதன் பெயர் ஐசால் கால்பந்து கிளப்.

மேகம் தொடும் ஊர்

ஐசால் எங்கே இருக்கிறது?

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மிசோரம் என்று ஒரு சிறிய மாநிலம் இருக்கிறது. அதற்குக் கிழக்கே பர்மா. மேற்கே வங்காள தேசம். எங்கே பார்த்தாலும் மலை. அந்த மாநிலத்தின் தலைநகர்தான் ஐசால். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,700 அடி உயரத்தில் இருக்கிறது. வீடுகள் மலைச் சரிவில் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி நிற்கும்.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, மிசோரம் முழுவதிலும் இருந்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர்தான். ஐசால் நகரில் 3 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு.

அமைதியாகத் தோன்றும் இந்த ஊர் பட்ட துன்பம் அதிகம். 1966-ம் ஆண்டில் அங்கே தனி நாடு கேட்டுக் கலகம் மூண்டது. 20 ஆண்டு துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. 1986-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்து ஆயிற்று. அடுத்த ஆண்டு மிசோரம் தனி மாநிலம் ஆயிற்று. ஐசால் கிளப் தொடங்கியது 1984-ம் ஆண்டில். அதாவது, சமாதானம் வருவதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே!

தட்டையான நிலமே இல்லாத ஊரில் கால்பந்து ஆடுவது எப்படி? மலையை வெட்டி, மண்ணைச் சமன் செய்து மைதானம் போட்டார்கள். பந்து எல்லையைத் தாண்டினால் சரிவில் உருண்டு ஓடிவிடும். அதனால், பந்தைக் காலை விட்டுப் போகாமல் வைத்திருக்கும் வித்தை மிசோ பையன்களுக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிடும். இல்லை, கால்வந்துவிடும்!

நல்ல ஆட்டக்காரர்கள் வளர்ந்தார்கள். ஆனால், பெயர் வாங்க வேண்டும் என்றால் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. ஷைலோ மால்சாம்லுவாங்கா என்ற இளைஞர் அப்படித்தான் போனார். அவருக்கு "மாமா" என்று செல்லப் பெயர். டாட்டா கால்பந்துப் பயிற்சிப் பள்ளியில் படித்தார். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடினார். அவர் போட்ட பாதையில் பலர் நடந்தார்கள். இந்திய அணிக்கு ஆடிய ஜெஜே லால்பெக்லுவாவும் மிசோரம்காரர்தான். சென்னை ரசிகர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். சென்னையின் எப்.சி. அணியில் பல ஆண்டு ஆடியவர் அவர்.

2012-ம் ஆண்டில் மிசோரத்துக்கென்று தனி லீக் போட்டி தொடங்கியது. உள்ளூர் டெலிவிஷனில் ஆட்டங்களைக் காட்டினார்கள். ஊரே பார்த்தது. 2014-ம் ஆண்டில், மாநிலங்களுக்கு இடையே நடக்கும் சந்தோஷ் கோப்பையை மிசோரம் ஜெயித்தது.

எல்லாம் சரி. ஆனால், நாட்டின் பெரிய லீக்கில் மிசோரத்துக்கு ஒரு கிளப் கூட இல்லையே!

லீக் என்றால் என்ன?

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும்.

சில போட்டிகளில் ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். லீக் அப்படி அல்ல. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரண்டு முறை ஆடும். ஒரு முறை தன் ஊரில். ஒரு முறை எதிரியின் ஊரில். ஜெயித்தால் 3 புள்ளி. டிரா ஆனால் ஆளுக்கு 1 புள்ளி. தோற்றால் பூஜ்யம். கடைசியில் யாருக்கு அதிகப் புள்ளியோ அவருக்குக் கோப்பை. அடியில் இருப்பவர் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும்.

ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் லீக்கை ஜெயிக்க முடியாது. மாதக் கணக்கில் நன்றாக ஆட வேண்டும்.

இந்தியாவில் இப்படிப்பட்ட தேசிய லீக் 1996-ம் ஆண்டு தொடங்கியது. 2007-ம் ஆண்டு முதல் அதற்கு ஐ-லீக் என்று பெயர். 20 ஆண்டுகளாகக் கோப்பை கொல்கத்தா, கோவா, பஞ்சாப், மும்பை, பெங்களூர் என்று பெரிய இடங்களுக்கே போய்க்கொண்டு இருந்தது. வடகிழக்கு மாநிலங்களுக்கு ஒரு முறை கூடப் போனது இல்லை.

2015-ம் ஆண்டில் ஐசால் கிளப் இரண்டாம் டிவிஷனை ஜெயித்தது. ஐ-லீக்குக்குள் காலடி வைத்தது. மிசோரத்திலிருந்து அங்கே போன முதல் கிளப் அதுதான்.

போன வேகத்தில் விழுந்தது

ஆனால், பெரிய இடத்துத் தண்ணீர் ஆழம்.

2015-16 லீக்கில் மொத்தம் 9 அணிகள். ஐசால் 8-வது இடத்துக்கு வந்தது. அதற்கும் கீழே ஒரு அணி இருந்தது. அது புனாவைச் சேர்ந்த டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். ஆனால், அந்த அணி தனி விதியின் கீழ் லீக்கில் சேர்க்கப்பட்டது. அதைக் கீழே இறக்கக் கூடாது என்று ஏற்பாடு. ஆகவே, கடைசி இடத்தில் இருந்தவர் தப்பினார். அவருக்கு முன்னால் இருந்த ஐசால் கீழே தள்ளப்பட்டது!

அதே ஆண்டு ஐசால் பெடரேஷன் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே கொல்கத்தாவின் மோகன் பகானுடன் மோதியது. 5 கோல் வாங்கியது. திருப்பி ஒன்று கூடப் போடவில்லை.

லீக்கிலும் இடம் இல்லை. கோப்பையும் இல்லை. "இவர்கள் கதை இவ்வளவுதான்" என்று ஊர் பேசியது.

அப்போதுதான் கோவாவில் ஒரு சம்பவம் நடந்தது. இந்தியக் கால்பந்தை மாற்றி அமைக்கும் திட்டம் ஒன்று வந்தது. அது கோவா கிளப்புகளுக்குப் பிடிக்கவில்லை. சல்கோகர், ஸ்போர்ட்டிங் கோவா ஆகிய கிளப்புகள் ஐ-லீக்கை விட்டே விலகிவிட்டன. டெம்போவும் விலகியது. இடம் காலி ஆயிற்று. கீழே போன ஐசாலைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

காலியான இடம் அதிர்ஷ்டத்தால் கிடைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அதிர்ஷ்டம் அல்ல.

வேலை போன வாத்தியார்

ஐசால் கிளப்பின் சொந்தக்காரர் ராபர்ட் ராய்ட்டே. அவர் புதுப் பயிற்சியாளரைத் தேடினார். காலித் ஜமீல் என்பவரைப் பிடித்தார்.

ஜமீல் 1977-ம் ஆண்டு குவைத்தில் பிறந்தவர். இந்திய அணியில் ஆடியவர். காயம் காரணமாக ஆட்டத்தை விட வேண்டி வந்தது. பிறகு மும்பை எப்.சி. கிளப்பின் பயிற்சியாளர் ஆனார். சுமார் 7 ஆண்டு அங்கே இருந்தார். கையில் பணம் குறைவு. பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை. ஆனாலும், ஒவ்வொரு ஆண்டும் அந்த அணி கீழே விழாமல் தாங்கிப் பிடித்தார். கோப்பை எதுவும் வாங்கித் தரவில்லை. 2016-ம் ஆண்டில் அந்த வேலை போயிற்று.

கீழே தள்ளப்பட்ட அணி. வேலை இழந்த பயிற்சியாளர். இருவரும் கை கோத்தார்கள்.

ஜமீல் அதிகம் பேசமாட்டார். அவர் போட்ட திட்டம் எளியது. முதலில் கோல் வாங்காமல் இரு. பந்து கிடைத்ததும் வேகமாகப் பாய். கடைசி நிமிஷம் வரை ஓடு. இவ்வளவுதான்.

அணியில் பெரும்பாலோர் மிசோ பையன்கள். வெளியிலிருந்து சிலர் வந்தார்கள். கோல்கீப்பர் ஆல்பினோ கோம்ஸ் கோவாக்காரர். நடுக்களத்தில் பந்தை வாங்கி, நிதானமாகப் பார்த்து, சரியான காலுக்கு அனுப்பி வைப்பவர் மகமூத் அல் அம்னா. அவர் சிரியா நாட்டவர். அவருக்குத் துணையாக நின்ற ஆல்பிரட் ஜர்யான் லைபீரியாக்காரர். முன்னால் ஓடி மோதுகிற காமோ பாயி ஐவரி கோஸ்டிலிருந்து வந்தவர். அசுதோஷ் மேத்தா, ஜயேஷ் ரானே போன்றவர்களும் வேறு மாநிலங்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள்.

போரினால் சிதைந்த சிரியாவிலிருந்து ஒருவர். ஆப்பிரிக்காவிலிருந்து சிலர். மும்பை, கோவாவிலிருந்து சிலர். மீதி எல்லாம் மலைப் பையன்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனால், பந்துக்கு எந்த மொழி?

யானையும் எறும்பும்

2016-17 ஐ-லீக்கில் 10 அணிகள். ஆளுக்கு 18 ஆட்டம். நமது சென்னை சிட்டி அணி அந்த ஆண்டில்தான் முதல் முதலாக ஐ-லீக்கில் ஆடியது.

போட்டிக்கு நின்றவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. முந்தின ஆண்டு கோப்பை வாங்கிய பெங்களூர் எப்.சி. இருந்தது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் இருந்தது. எல்லாருக்கும் மேலாக மோகன் பகான் இருந்தது.

மோகன் பகான் 1889-ம் ஆண்டு தொடங்கிய கிளப். 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார ராணுவ அணியைத் தோற்கடித்து ஷீல்டு வாங்கியது. அன்று அதன் ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். நாடே கொண்டாடிய வெற்றி அது. அப்பேர்ப்பட்ட சரித்திரம் உள்ள கிளப்! இந்த ஆண்டு அதில் ஹைத்தி நாட்டு வீரர் சோனி நோர்டே ஆடினார். மிசோரத்தின் செல்லப் பிள்ளை ஜெஜேயும் அந்தப் பக்கம்தான் ஆடினார்!

ஜனவரி 7-ந் தேதி லீக் தொடங்கியது. ஐசாலின் முதல் ஆட்டம் ஈஸ்ட் பெங்காலுடன், எதிரியின் ஊரிலேயே. 1-1 டிரா. "பரவாயில்லையே!" என்றார்கள் பார்த்தவர்கள்.

வாரங்கள் ஓடின. ஐசால் இறங்கும், இறங்கும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது இறங்கவே இல்லை. சொந்த ஊருக்கு வந்த பெரிய அணிகளை மடக்கியது. மலைக் காற்று. செயற்கைப் புல் மைதானம். சுற்றிலும் பாட்டும் கூச்சலும். கையில் குழந்தையோடு தாய்மார்கள் வந்தார்கள். கிழவர்கள் வந்தார்கள். அங்கே ஆடிவிட்டுப் புள்ளியோடு திரும்புவது மற்ற அணிகளுக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கை. சென்னையில் நடந்த ஆட்டத்தில், புது அணியான சென்னை சிட்டி மோகன் பகானைத் தோற்கடித்துவிட்டது! அந்தப் புள்ளிகள் எவ்வளவு விலை உயர்ந்தவை என்று அன்று யாருக்கும் தெரியாது.

16 ஆட்டங்கள் முடிந்தன. மோகன் பகான் 33 புள்ளி. ஐசாலும் 33 புள்ளி! மீதி இரண்டே ஆட்டங்கள். அவற்றில் ஒன்று இந்த இருவருக்கும் நடுவில்!

83-வது நிமிஷம்

2017-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி. சனிக்கிழமை. ஐசால் ராஜீவ் காந்தி மைதானம். எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

ஒரு வருஷத்துக்கு முன் 5 கோல் போட்டு ஐசாலை நொறுக்கிய அதே மோகன் பகான் எதிரே நின்றது.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியும் ஓடிக்கொண்டே இருந்தது. 60 நிமிஷம். 70 நிமிஷம். 80 நிமிஷம். இரு பக்கமும் கோல் இல்லை. டிரா ஆனால் இருவரும் மறுபடி சமம். எல்லாம் கடைசி ஆட்டத்துக்குப் போய்விடும்.

83-வது நிமிஷம். கோல் முன்னால் பந்து உயரத்தில் வந்தது. ஐசாலின் பின்கள வீரர் சோமிங்லியானா ரால்டே எழும்பினார். கோலைத் தடுப்பதுதான் அவர் வேலை. கோல் போடுவது அல்ல. ஆனால், அன்று தலையால் ஒரு முட்டு முட்டினார். பந்து வலைக்குள் போய் விழுந்தது!

மலை அதிர்ந்தது என்று சொன்னால் மிகை அல்ல. ஐசால் 1, மோகன் பகான் 0. ஆட்டம் அப்படியே முடிந்தது. ஐசால் 36. மோகன் பகான் 33.

இனி ஒரே ஒரு ஆட்டம். அதில் ஒரு டிரா கிடைத்தால் போதும். கோப்பை ஐசாலுக்கு!

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிறு

ஏப்ரல் 30-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

மிசோரத்தில் ஞாயிறு என்றால் கடை இல்லை, ஆட்டம் இல்லை. எல்லாரும் சர்ச்சுக்குப் போகும் நாள். ஆனால், கடைசி ஆட்டம் மிசோரத்தில் அல்ல. மேகாலயா மாநிலத்தின் ஷில்லாங்கில். எதிரி ஷில்லாங் லஜோங். அதுவும் வடகிழக்கு அணிதான். ஆனால், அண்ணன் தம்பி என்று விட்டுக் கொடுக்கவில்லை.

ஐசாலிலிருந்து ஷில்லாங்குக்கு மலைப்பாதை. வளைந்து வளைந்து போகும். ஒரு நாள் பயணம். அந்தப் பாதையில் ரசிகர்கள் ஆயிரக் கணக்கில் கிளம்பிப் போனார்கள். கார், வேன், பஸ் என்று கிடைத்ததில் ஏறினார்கள். ஷில்லாங் மைதானத்தில் ஒரு பெரும் பகுதி சிவப்பாக மாறியது. சிவப்பு ஐசாலின் நிறம்.

ஆட்டம் தொடங்கியது. 9-வது நிமிஷம். லஜோங்கின் டிபாண்டா டிக்கா கோல் போட்டார்! அந்த ஆண்டு லீக்கில் அதிக கோல் போட்டவர் அவர்தான். வந்திருந்த கூட்டம் வாயடைத்துப் போயிற்று.

அதே நேரத்தில் கொல்கத்தாவில் மோகன் பகான் ஆடிக்கொண்டு இருந்தது. எதிரி யார்? சென்னை சிட்டி! அங்கே மோகன் பகான் ஜெயித்து, இங்கே ஐசால் தோற்றால் கோப்பை கை நழுவிவிடும்.

முதல் பாதி முடிந்தது. ஐசால் 0-1. பல மாத உழைப்பு ஒரு கோலில் தொங்கிக்கொண்டு இருந்தது. பயந்து அவசரப்பட்டால் இன்னொரு கோல் வாங்க வேண்டியதுதான். ஐசால் பையன்கள் அவசரப்படவில்லை. பந்தைப் பிடித்து ஆடினார்கள். மறுபடி மறுபடி பாய்ந்தார்கள்.

67-வது நிமிஷம். வில்லியம் லால்னுன்பேலா கோல் போட்டார்! 1-1!

இன்னும் 23 நிமிஷம் இருந்தது. இப்போது ஐசாலுக்குத் தேவை கோல் அல்ல; பொறுமை. ஒவ்வொரு பந்தையும் தடுத்தார்கள். கொல்கத்தாவில் மோகன் பகான் 2-1 என்று சென்னை சிட்டியை ஜெயித்துவிட்டது. ஆனால், பயன் இல்லை. ஷில்லாங்கில் விசில் ஊதியது. ஆட்டம் டிரா!

ஐசால் 37 புள்ளி. மோகன் பகான் 36 புள்ளி. ஒரே ஒரு புள்ளி!

கணக்கில் ஒரு பாடம்

இந்தப் புள்ளிக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஐசால் 11 ஆட்டம் ஜெயித்தது. 4 டிரா. 3 தோல்வி. மோகன் பகான் 10 ஆட்டம் ஜெயித்தது. 6 டிரா. 2 தோல்வி.

அதாவது, ஐசால்தான் ஒரு ஆட்டம் அதிகமாகத் தோற்றது! ஆனாலும், கோப்பை அதற்கே. ஏன்? ஒரு ஆட்டம் அதிகமாக ஜெயித்தது. ஒரு வெற்றி மூன்று டிராவுக்குச் சமம். தோற்றுவிடுவோமோ என்று பயந்து ஆடியிருந்தால் அந்த ஒரு வெற்றி கிடைத்திருக்காது.

அந்த ஆண்டு கடைசி இடம் யாருக்கு? காலித் ஜமீல் முன்பு வேலை பார்த்த மும்பை எப்.சி.க்கு! அவர் இருந்த வரை ஒரு முறை கூடக் கீழே விழாத அணி, அவர் போன முதல் ஆண்டிலேயே விழுந்தது. ஜமீலின் அருமைக்கு வேறு சாட்சி வேண்டுமா?

வடகிழக்கின் பல பையன்கள் படிக்கவும் வேலை பார்க்கவும் பெரிய நகரங்களுக்கு வருகிறார்கள். "நீ எந்த நாட்டுக்காரன்?" என்று அவர்களைச் சொந்த நாட்டிலேயே கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று கேட்கிறவனுக்குத் தெரியாது. 2017-ல் அவர்கள் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. இந்தியாவின் சாம்பியன் யார்? ஐசால்!

பிறகு என்ன நடந்தது?

கதை அதோடு முடிந்து, எல்லாரும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால், நடந்தது வேறு.

ஏழை வீட்டில் நல்ல மாம்பழம் காய்த்தால், பணக்காரர் கூடையோடு வந்துவிடுவார். காலித் ஜமீலை ஈஸ்ட் பெங்கால் அழைத்துக்கொண்டது. அல் அம்னாவும் அங்கே போனார். இன்னும் பல ஆட்டக்காரர்கள் பெரிய சம்பளத்துக்குப் பெரிய கிளப்புகளில் சேர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆட்டக்காரனின் காலம் குறுகியது.

இன்னொரு இடியும் விழுந்தது. ஐ.எஸ்.எல். என்ற பணக்கார லீக் நாட்டின் முதல் லீக் ஆகப் போகிறது என்று அப்போதே பேச்சு எழுந்தது. "நாங்கள் ஜெயித்த லீக்கையே கீழே இறக்குவதா? இது என்ன நியாயம்?" என்று ஐசால் குரல் எழுப்பியது. சில ஆண்டுகள் இரண்டு லீக்குகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. 2022-23 முதல் ஐ-லீக் இரண்டாம் நிலை லீக் ஆகிவிட்டது.

ஆனாலும், நல்லதும் நடந்தது. 2018-ம் ஆண்டு ஜனவரியில், ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் இடம் பிடிக்கும் ஆட்டத்துக்காக ஐசால் ஈரான் வரை போனது. ஜோப் அகன் என்ற அணியிடம் 1-3 என்று தோற்றது. ஆனால், ஒரு கோல் போட்டுவிட்டுத்தான் வந்தது.

ராபர்ட் ராய்ட்டே 2018-ம் ஆண்டு தேர்தலில் ஜெயித்து, மிசோரத்தின் விளையாட்டு மந்திரி ஆனார். ஜெஜே 2023-ம் ஆண்டில் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேலை போன வாத்தியார் காலித் ஜமீல்? 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய அணிக்கே பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்!

கடைசி நாளில் மோகன் பகானிடம் தோற்ற சென்னை சிட்டி என்ன ஆயிற்று? அதுவும் சும்மா இருக்கவில்லை. 2018-19 ஐ-லீக்கை ஜெயித்தது. கோவையில் நடந்த கடைசி ஆட்டத்தில்தான் கோப்பை உறுதி ஆயிற்று. அங்கேயும் முதலில் கோல் வாங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்தது. ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம்!

தேசிய லீக்கை ஜெயித்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், டெம்போ, சர்ச்சில் பிரதர்ஸ் என்று பெரிய பெயர்கள் வரிசையாக வரும். அந்த வரிசையில் 2016-17 என்ற ஆண்டுக்கு நேரே ஒரு மலை ஊரின் பெயர் எழுதியிருக்கிறது. லீக் மாறலாம். ஆட்டக்காரர்கள் போகலாம். அந்த ஒரு வரியை இனி யாராலும் அழிக்க முடியாது.